போலோவுக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார்: மாட்டலாமா, வேண்டாமா?

போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். இன்ஜின் பிடிக்கும், கியர்பாக்ஸ் பிடிக்கும், நெடுஞ்சாலையில் வண்டி நிற்கிற நிலை பிடிக்கும். வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் மட்டும் உடம்பு ஒரு பக்கம் சாய்வதும், மூக்கு நாம் நினைத்த கோட்டை விட்டு வெளியே போவதும் உறுத்தும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் சொல்வார்: "பின்னால ஒரு ஸ்வே பார் மாட்டிப் பாருங்க, வண்டியே வேற மாதிரி ஆயிடும்."

அவர் சொல்வது உண்மைதான். வண்டி வேறு மாதிரி ஆகும். எந்த மாதிரி ஆகும், அது நமக்கு வேண்டிய மாதிரிதானா என்பதை யோசிக்கத்தான் எனக்கு இவ்வளவு நாளானது.

என்னுடையது 2014 மாடல். 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி. கோவையில் இருப்பதால் எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு மலை வந்துவிடும். சித்தப்பா மகனிடமும் இதே வண்டி இருக்கிறது. அவன் மலைக்குப் போவது குறைவு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பவன். இருவரும் சேர்ந்தே இந்த விஷயத்தைத் தோண்டினோம். முடிவில் அவன் மாட்டப் போகிறான், நான் மாட்டவில்லை. இரண்டுமே சரியான முடிவு என்று நம்புகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்வே பார் என்றாலும் ஸ்டெபிலைசர் பார் என்றாலும் பொருள் ஒன்றுதான், எளிமையானதும்கூட. 'ப' வடிவில் வளைத்த ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் சப்ஃபிரேமோடு சேர்த்துப் பிடித்திருக்கும். இரு முனைகளும் சின்ன லிங்க் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும், எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் வண்டி சாயும்போது நடப்பது அதுதான்.

இதிலிருந்தே நம்மூர் சாலைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. வேகத்தடையில் நேராக ஏறினால் தடித்த பார் இருப்பதே தெரியாது. அடி தட்டுமே என்று குறுக்காக ஏறினாலோ, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலோ அந்த அடியில் ஒரு பங்கு அடுத்த சக்கரத்துக்கும் போகும். வண்டி பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆடும். தார் ரோட்டின் ஓரம் பெயர்ந்து கிடக்கும் ஊர்ச்சாலைகளில் இது நாள் முழுக்க நடக்கும்.

அடுத்தது தடிமன். ஒரு கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் போட்டால் தடிமன் கூடியது பத்து சதவீதம்தான், விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். உள்ளே கூடாக இருக்கும் பார் இன்னும் சுவாரஸ்யமானது. வெளிவிட்டம் 24, உள்விட்டம் 16 என்று ஒரு குழாய்ப் பாரை எடுத்தால், அது 22 மில்லிமீட்டர் திடக்கம்பியைவிட 13 சதவீதத்துக்கு மேல் விறைப்பு, எடையோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நடுவில் இருக்கும் இரும்பு முறுக்கை எதிர்ப்பதில் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்பதுதான் காரணம்.

விற்பவர்கள் இந்தச் சதவீதத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி: எதில் 46 சதவீதம்? சாய்வை எதிர்ப்பது பார் மட்டும் இல்லை, சுருள் ஸ்பிரிங்குகளும் எதிர்க்கின்றன. ஓர் அச்சின் மொத்த எதிர்ப்பில் பாரின் பங்கு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பார் 46 சதவீதம் விறைத்தாலும் அந்த அச்சு விறைப்பது 15 சதவீதம்தான். பதினைந்தும் சிறிய மாற்றம் கிடையாது. ஓட்டும்போது நன்றாகவே தெரியும். ஆனால் விளம்பரம் மனதில் ஏற்றிவிடும் எண்ணுக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இனி சொல்லப் போவதுதான் என் முடிவையே தீர்மானித்தது. பார் மாட்டினால் கிரிப் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1100 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 1.45 மீட்டர். வளைவில் 0.5 ஜி பக்கவாட்டு விசை என்றால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 190 கிலோ. இந்த 190 கிலோவை எந்தப் பாராலும் குறைக்க முடியாது. வண்டி துளிகூடச் சாயாமல் பலகை மாதிரி போனாலும் அவ்வளவு எடை மாறத்தான் செய்யும். அதில் முன் சக்கரங்கள் எவ்வளவு வாங்குவது, பின் சக்கரங்கள் எவ்வளவு வாங்குவது என்ற பங்கீட்டை மட்டும்தான் பார் மாற்றுகிறது.

பங்கீடு ஏன் முக்கியம் என்றால், டயரின் குணம் அப்படி. எடை கூடினால் கிரிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பந்தியில் முதல் கரண்டி சாதம் இறங்கும் வேகத்தில் மூன்றாவது இறங்குவதில்லையே, அப்படி. ஆகவே எந்த அச்சில் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் எடை வித்தியாசம் அதிகமாகிறதோ அந்த அச்சு மொத்தத்தில் கிரிப்பை இழக்கும். பின்னால் பாரைத் தடிப்பாக்கினால் பின் அச்சு அதிக எடை மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும்; முன் அச்சுக்கு அந்த அளவு மிச்சம். மூக்கு நன்றாகத் திரும்பும், பின்பக்கம் முன்பைவிடச் சீக்கிரம் வழுக்கும். மூக்கு வெளியே போகும் அண்டர்ஸ்டியர் குறைந்தது என்று நாம் சந்தோஷப்படும் ஒவ்வொரு துளிக்கும் பின் டயர்களிடமிருந்துதான் விலை போகிறது.

போலோ மாதிரி முன்சக்கர வண்டியில் எடையின் பெரும்பங்கு முன்னால்தான். அதனால் முன் பாரைத் தடிப்பாக்குவது பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: போலோவின் முன்பக்கத்தில் இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் வண்டி சாயச் சாய வெளிப்பக்க டயர் தரையில் சரியாக அமராமல் வெளி விளிம்பில் ஓடும். சாய்வைக் குறைத்தால் டயர் பட்டையாக அமரும், முன் கிரிப் கூடவும் வாய்ப்புண்டு. நல்ல ட்ராக்கில் சில வண்டிகளில் இது வேலை செய்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதோ உள்பக்க முன் சக்கரம் எடை இழந்து சுழலத் தொடங்கும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்கும், டர்போவின் 175 என்எம் வீணாகும். எனக்கு அது வேண்டாம்.

பின்னால் வருவோம். "போலோவில் பின்னால் ஸ்டெபிலைசரே கிடையாது, கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டது" என்று சொல்பவர்கள் வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்க்கலாம். இரண்டு டிரெயிலிங் ஆர்ம்களையும் இணைத்து நடுவில் ஓடுகிற அந்த வளைந்த இரும்பு பீம் இருக்கிறதே, அது வளைவதை எதிர்க்கும், முறுக்குக்கு ஓரளவு விட்டுக்கொடுக்கும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது முறுக்கிக்கொண்டு ஸ்டெபிலைசர் வேலையைச் செய்வது அந்த பீம்தான். வெளியில் வாங்கி மாட்டும் பின் பார், இதற்குத் துணையாக இரண்டு ஆர்ம்களுக்கும் குறுக்கே வந்து உட்காரும். ஆர்ம்களில் பிராக்கெட் மாட்டும் இடத்துக்கு வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்காத விசை போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1976-ல் விற்பனைக்கு வந்த 110 குதிரைத் திறன் வண்டி. வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு மூன்று கால்களில் போகும். பின்னால் விறைப்பாக வைத்து முன்னால் கிரிப்பைக் காப்பாற்றும் அதே கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அவை. ஆனால் அதில் ஓர் எல்லையும் தெரிகிறது: உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுவிட்ட பிறகு பின் அச்சில் மாற்றுவதற்கு எடையே மிச்சமில்லை. அதற்கு மேல் எவ்வளவு தடித்த பார் போட்டாலும் ஒன்றும் நடக்காது.

சரி, மலைக்குப் போவோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, அந்தப் பக்கம் வரையாடுகள் சாலை ஓரத்திலேயே நிற்கும். கொண்டை ஊசியில் நம் வேகம் பதினைந்தோ இருபதோ. அங்கே பாருக்குப் பெரிய வேலை இல்லை. வேலை இருப்பது இரண்டு ஊசிகளுக்கு நடுவில் வரும் நீண்ட வளைவுகளில். அவற்றில் பெரும்பாலானவை மறைவு வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், மேலே போனால் தேயிலைத் தோட்டங்களில் மூடுபனி, மழைக்காலத்தில் ஈர இலைகள்.

அப்படி ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பாதி வளைவில் எதிரே அரசுப் பேருந்து. அந்தச் சாலையின் அகலத்தில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும், ஓட்டுநர் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அந்த நொடியில் நீங்களும் நானும் செய்வது ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைப்போம். வண்டியின் எடை முன்னால் பாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. இறக்கமும் சேர்ந்து இன்னும் லேசாக்குகிறது. கம்பெனி கொடுத்த அமைப்பில் மூக்கு கொஞ்சம் அகலமாகப் போகும், ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்து, வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். பின்னால் தடித்த பார் மாட்டிய வண்டியில் அதே நொடியில் பின்பக்கம் வெளியே சுழல முயலும். ஜிடியில் வழுக்கலை அடக்கும் இஎஸ்பி இருக்கிறது, பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் அந்த இஎஸ்பி கம்பெனி அமைப்பை மனதில் வைத்து அளவு வைக்கப்பட்டது. ஈர இலை மேல் நிற்கும் டயரிடம் அதுவும் இல்லாத கிரிப்பைக் கேட்க முடியாது.

போலோவின் அண்டர்ஸ்டியரை நான் இப்போது குறையாகப் பார்ப்பதில்லை. பேருந்து எதிரே வரும் அந்த ஒரு நொடிக்காக யாரோ ஒரு பொறியாளர் தெரிந்தே விட்டு வைத்த இடைவெளி அது. பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்கும்போது அந்த இடைவெளியைச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

அப்படியென்றால் என்னை உறுத்திய சாய்வு? அதற்கான பதில் ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது. வண்டியைத் தூக்கி வைத்து, மெக்கானிக் அண்ணன் ஒரு லிவர் கம்பியை முன் ஸ்டெபிலைசர் லிங்க்குக்கும் பாருக்கும் நடுவில் விட்டு நெம்பினார். 'டொக்' என்று ஆடியது.

"தம்பி, இங்க வந்து பாருங்க. பால் ஜாயின்ட் தேஞ்சு போச்சுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல டக் டக்னு சத்தம் வரும்னீங்கள்ல, இதுதான்."

அப்புறம் டார்ச்சைப் பாரின் நடுப்பகுதிக்குத் திருப்பினார். புஷ்ஷின் ரப்பர் ஓரத்தில் வெடித்திருந்தது. ரப்பர் உராய்ந்த இடத்தில் மட்டும் பாரின் பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று ஒரு வளையம் போட்டிருந்தது. அவர் விரல் நகத்தை ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் விட்டார், நுழைந்தது.

அந்த இடைவெளிதான் விஷயம். வண்டி சாயத் தொடங்கும்போது முதல் சில மில்லிமீட்டர் இந்தத் தளர்வைத் தின்பதிலேயே போய்விடுகிறது. அதுவரை பார் இல்லாத வண்டி. அதன் பிறகு திடீரென்று பார் பிடிக்கிறது. ஓட்டுபவருக்கு அது 'முதலில் விழுந்துவிட்டு அப்புறம் நிற்பது' மாதிரித் தெரியும். ஷாக் அப்சார்பரும் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஏனென்றால் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை ஸ்பிரிங்கும் பாரும் முடிவு செய்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும் என்பது ஷாக்கின் கையில். நம் உடம்பு பயப்படுவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். நிதானமாக ஐந்து டிகிரி சாயும் வண்டியில் நிம்மதியாக உட்காரலாம், மூன்றே டிகிரியானாலும் சட்டென்று சாய்ந்தால் கை தானாகக் கைப்பிடியைத் தேடும்.

இரண்டு லிங்க், இரண்டு பார் புஷ், லோயர் ஆர்ம் புஷ்கள், நான்கு ஷாக் மாற்றினோம். இங்கே ஒரு சின்ன விஷயம், பல இடங்களில் கவனிக்காமல் விடுவது: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கொடுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அண்ணனுக்கு இது சொல்லாமலே தெரிந்திருந்தது.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நிறைய மிச்சமிருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும். பாரில் போடுகிற காசை முதலில் இங்கே போட்டால், முன், பின் என்று பங்கு பிரிக்காமல் நான்கு மூலையிலும் கிரிப் கூடும். பார் இதைச் செய்யாது. நான் அதே 185/60 ஆர்15 அளவில் நல்ல டயர் போட்டு, அலைன்மென்ட் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வால்பாறை ஏறினால், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கிறது. சாய்கிறது, ஆனால் ஒரே சீராகச் சாய்ந்து ஓர் இடத்தில் நிற்கிறது. அம்மாவுக்குப் பொள்ளாச்சி தாண்டியதும் வரும் தலைசுற்றல் குறைந்திருக்கிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம். எல்லை வரை தள்ளினால் இன்னும் மூக்குதான் முதலில் விடும். அந்தச் சாலையில் எல்லை வரை தள்ளுவது என் வேலையில்லை.

காப்பீடு, சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பார் ஆர்சியில் வரும் விவரம் இல்லை. ஆனாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாட்டுவதே நல்லது.

தம்பி கதைக்கு வருகிறேன். கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர், சமதளம், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும், எதிரே யாரும் வரமாட்டார்கள். ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், போன சுற்றில் செய்ததை இந்தச் சுற்றில் திருத்தலாம். மலையில் எனக்கு ஆபத்தாக இருக்கும் அதே குணம் அங்கே அவனுக்கு ஆயுதம். வளைவுக்குள் காலை லேசாக எடுத்தால் பின்பக்கம் நகர்ந்து மூக்கு உள்ளே திரும்பும்; வெளியேறும்போது உள்பக்க முன் சக்கரத்தில் எடை மிச்சமிருப்பதால் சீக்கிரமே ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம். கார் பந்தயத்துக்காக வாழ்ந்த கரிவர்தன் பெயரிலுள்ள ட்ராக்கில் இந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறான் என்பதில் எனக்கும் பெருமைதான்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ட்ராக்கில் மட்டும், பின் டயர்களில் வழக்கத்தைவிட 3 பிஎஸ்ஐ கூட்டி ஓட்டிப் பார்ப்பது. பின்பக்கக் கிரிப் கொஞ்சம் குறையும், பார் மாட்டினால் வண்டி எந்தத் திசையில் மாறும் என்பதன் ருசி தெரியும். இறங்கி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணா, இதுதான் எனக்கு வேணும். இன்னும் கொஞ்சம் வேணும்."

அவன் வாங்குவது முனையில் இரண்டு துளைகள் உள்ள வகை. லிங்க் மாட்டும் இடம் வளைவுக்கு நெருங்கினால் நெம்புகோலின் நீளம் குறைந்து பார் விறைக்கும். 200 மில்லிமீட்டரை 180 ஆக்கினால் சக்கரத்தில் தெரியும் விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். முதல் நாள் தளர்ந்த துளை, காய்ந்த ட்ராக், இஎஸ்பி அணைக்காமல். பிராக்கெட் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, முதல் செஷன் முடிந்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். ட்ராக் முடிந்ததும் பாரைக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவன் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, அதே வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போகிறார்கள். ஒத்துக்கொண்டான். கழற்ற வசதியாக இருக்கும்படி பிராக்கெட்டுகள் ஆர்மிலேயே நிற்க, பார் மட்டும் தனியாக வரும் அமைப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பார்சல் அடுத்த வாரம் வருகிறது. அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட் காலியாக இருக்கும் ஒரு காலையாகப் பார்த்துப் போகப் போகிறோம்.